மெலிந்த உடலுக்குச் சர்க்கரை மாவா மருந்து?

உடல் மெலிவைப் பற்றிப் பேசுவதைக் கேரளக் கல்விப்புலம் ஏறத்தாழ நிறுத்திவிட்டது. நீரிழிவும் உடற்பருமனும் இதயநோயுமே இன்று கருத்தரங்குகளின் பொருள். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) மாநிலத்துப் பெண்களில் 38.1 விழுக்காட்டினர் மிகை எடையுடையோர். ஆனால் பெண்களிலும் ஆண்களிலும் பத்தில் ஒருவர் இயல்புக்குக் குறைந்த எடையுடையவர் என்பதையும் அதே கணக்கெடுப்புதான் சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் எடைக்குறைவுடையோர் நான்காவது கணக்கெடுப்பில் 16.1 விழுக்காடு, ஐந்தாவதில் 19.7. அறிவுலகம் கைவிட்ட இந்த இடத்தை டப்பா வணிகம் பிடித்துக்கொண்டது.

‘ஒரே மாதத்தில் எடை கூடும்’ என்று விற்கப்படும் மாவுகள் பலவற்றின் உட்பொருள் பட்டியலில் முன்வரிசையில் நிற்பவை மால்டோடெக்ஸ்ட்ரினும் சர்க்கரையும். 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம், பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்னும் வகைப்பாட்டில் வைத்து விற்க வேண்டாமென்று இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகைக்கு வரையறையே இல்லை என்பதே அதற்கு அடிப்படை. பெயர்ப்பலகை மாறியது. ஆனால் மெலிந்தவரின் கூச்சத்தை மூலதனமாக்கும் வணிகம் மாறவில்லை. மணம் பேசும் முன் பெண் ‘கொஞ்சம் சதை போட வேண்டும்’ என்று அவசரப்படுத்தும் உறவினரும், உடற்பயிற்சிக் கூடத்தில் இளைஞனைக் கேலி செய்யும் நண்பரும் அந்த வணிகத்தின் ஊதியமில்லா முகவர்கள்.

இந்த அவசரத்திற்கு அறிவியல் ஆதரவு இல்லை. தில்லியில் பிறந்தது முதல் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு 2004இல் வெளியானது. குழந்தைப் பருவத்தின் தொடக்கத்தில் மெலிந்திருந்து, இரண்டு வயதுக்குப் பின் உடல்நிறை எண் விரைந்து உயர்ந்தவர்களிடையே இளமையிலேயே நீரிழிவும் அதன் முன்னிலையும் மிகுதி என்று அது காட்டியது. மெலிவும் பருமனும் எதிரெதிர் நோய்கள் அல்ல என்பதே இதன் பாடம். மெலிவைத் தவறான உணவால் தவறான வேகத்தில் தீர்ப்பது மற்றதன் வாயிலைத் திறந்துவிடலாம்.

வெறும் கலோரி போதும் என்ற எண்ணத்தின் எல்லையைத் திருவிதாங்கூர் முன்பே கண்டது. 1880களில் விசாகம் திருநாள் ஆட்சியில் மரச்சீனிப் பயிர் ஊக்குவிக்கப்பட்டது. 1942இல் பர்மா அரிசி நின்றபோது அதுவே ஏழைகளின் வயிற்றை நிரப்பியது. இருந்தும் 1943-44ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தையும் ஊட்டக்குறை நோய்களையும் கே.ஜி.சிவசுவாமி குழுவினர் தனி நூலாகவே பதிவு செய்ய வேண்டியிருந்தது. கிழங்கு மாவுச்சத்தைத் தந்தது, புரதத்தைத் தரவில்லை. அதை உணர்ந்த மக்கள் வழக்கமோ மரச்சீனியோடு சாளை மீனையும் தேங்காய் அரைப்பையும் சேர்த்தது. இன்றைய எடைமாவு செய்வது அந்தத் தட்டிலிருந்து மீனையும் தேங்காயையும் நீக்கிவிட்டு, மாவுச்சத்தை மட்டும் பன்மடங்கு விலைக்கு விற்பதுதான்.

எதிர்முனையிலும் ஒரு பிழை நேர்ந்தது. 1980களில் டேவிட் செக்லர், மிதமான அளவில் வளர்ச்சி குன்றியோர் ‘சிறியவர், ஆயினும் ஆரோக்கியமானவர்’ என்று வாதிட்டார். ஊட்டவியலாளர் சி.கோபாலன் அதைக் கடுமையாக மறுத்தார். ஏழையின் உடலுக்கு ஒரு அளவுகோல், செல்வரின் உடலுக்கு வேறொன்று என்பதை அவர் ஏற்கவில்லை. ‘மெலிவு உடல்வாகுதான், விட்டுவிடுங்கள்’ என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் இன்றைய அறிவுரை, செக்லரின் வாதத்தை அவர் பெயரில்லாமல் திரும்பச் சொல்கிறது.

இவ்விரண்டுக்கும் இடையே எளிய வழி உண்டு. மெதுவாக எடை கூட, வயதுவந்தோர் நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி வரை கூடுதலாக உண்ணலாம் என்பது பிரிட்டனின் பொது மருத்துவச் சேவை தரும் வழிகாட்டல். இதை உள்ளூர்த் தட்டில் கணக்கிட்டால்: 30 கிராம் நிலக்கடலை ஏறத்தாழ 170 கலோரி, ஒரு முட்டை 70, 100 கிராம் நேந்திரம்பழம் ஏறத்தாழ 120. மொத்தம் 360. புட்டோடு கடலைக்கறி, கஞ்சியோடு பயறு, இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் என்று வழக்கமான உணவிலேயே மீதமும் சேர்ந்துவிடும். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தருவது; மாவுச்சத்தும் புரதமும் 4. எனவே வயிறு திணறுமளவு சோற்றைக் கூட்டத் தேவையில்லை. இப்படி மாதத்திற்கு ஒரு கிலோ அளவில் ஏறினால் போதும். உடன் உடற்பயிற்சியும் இருந்தால் ஏறுவதில் ஒரு பங்கு தசையாகும்.

தேங்காயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி என்ற தடை சரியானதே. அதனால்தான் கடலையும் எள்ளும் மீனும் முதலிடம் பெற வேண்டும். தேங்காய் துணையாக நின்றால் போதும். காரணமின்றி எடை குறைபவர் உணவைக் கூட்டுமுன் காசநோய், தைராய்டு, நீரிழிவு ஆகியவற்றுக்குப் பரிசோதித்துக்கொள்வதும் கட்டாயம். ‘விடுதி மாணவருக்குச் சமையலறை ஏது, மாவுதானே வசதி’ என்பது மூன்றாவது தடை. வறுத்த கடலைக்கும் அவித்த முட்டைக்கும் பழத்துக்கும் சமையலறை எதற்கு?

அந்த மாணவருக்காகவேனும் பல்கலைக்கழகங்கள் வாய் திறக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் ஒரே சாலையில் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையமும், ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆய்வு நிறுவனமும், காரியவட்டத்தில் பல்கலைக்கழக வளாகமும் நிற்கின்றன. கலோரியை எண்ணியவர்களும் கிழங்கை ஆய்ந்தவர்களும் இருக்கும் சாலை அது. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை கலந்த ‘அமிர்தம்’ சத்துமாவைக் குடும்பஸ்ரீ பெண்கள் தயாரித்து அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு வழங்குகிறார்கள். அதிலுள்ள சர்க்கரையின் அளவைப் பற்றி வாதிடலாம். ஆனால் மெலிவு பொதுப்பொறுப்பு என்ற கொள்கையை அது நிலைநாட்டியது. மூன்று வயதுவரை ஏற்கப்படும் அந்தப் பொறுப்பு இருபது வயதில் ஏன் மருந்துக்கடைக்கு ஒப்படைக்கப்படுகிறது? விடுதி உணவுக் குழுக்கள் மாலைத் தேநீரோடு தரும் பிஸ்கட்டுக்குப் பதிலாகக் கைப்பிடி கடலையும் ஒரு முட்டையும் வைக்கட்டும். முட்டை உண்ணாதவருக்கு எள்ளுருண்டை தரட்டும். பருமனைப் பற்றிய அடுத்த கருத்தரங்கைவிட அது பயன் தரும்.