எலுமிச்சை சாதத்தை வாசல்லயே வாங்கி வெச்சுக்கிட்டா, உள்ள என்ன இருக்குன்னு சொல்லணும்

1/
போன மாசம் குடும்பத்தோட ஒரு தீம் பார்க் போயிருந்தோம். பார்க் வளாகத்துக்குள்ளேயே ஹோட்டல், ஹோட்டலோட கீழ்த்தளத்துல ஃபுட் கோர்ட். பேர் சொல்லப் போறதில்ல. ஏன்னா இது ஒரு இடத்தைப் பத்தின புகார் இல்ல, நான் போன பல இடங்கள்ல இதே கதைதான். கொஞ்சம் நீளமான பதிவு. குழந்தைகளோட வெளிய சாப்பிடுறவங்க பொறுமையா படிங்க.

2/
நாங்க ஏழு பேர். அதுல அக்கா பொண்ணுக்கு ஏழு வயசு, முந்திரி அலர்ஜி. மூணு வயசுல ஒரு கல்யாண வீட்டுல அரைத் துண்டு முந்திரி ஸ்வீட் சாப்பிட்டா. பத்து நிமிஷத்துல உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, இழுப்பு. நல்லவேளை, பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருந்தது. அன்னிலேர்ந்து அக்கா எங்க கிளம்பினாலும் கையில ஒரு டிபன் பாக்ஸ் இருக்கும்.

3/
அந்த டிபன் பாக்ஸ்தான் வாசல்ல மாட்டுச்சு. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். "வெளி உணவுக்கு அனுமதி இல்லை"ன்னு போர்டு. அக்கா டாக்டர் லெட்டரைக் காட்டினா. செக்யூரிட்டி அண்ணன் பாவம், படிச்சுப் பார்த்துட்டு சூப்பர்வைசருக்கு போன் போட்டார். பதில்: "கைக்குழந்தை சாப்பாடு மட்டும்தான் விடலாம். உள்ள ஃபுட் கோர்ட் இருக்கு மேடம், எல்லாமே கிடைக்கும்."

4/
எல்லாமே கிடைச்சது, உண்மைதான். சவுத் இண்டியன், நார்த் இண்டியன், சைனீஸ், சாட், ஸ்நாக்ஸ், ஐஸ்கிரீம்னு ஆறு கவுன்டர். கார்டுல பணம் ஏத்திக்கணும், கவுன்டர்ல சொல்லணும், திரையில டோக்கன் நம்பர் வந்ததும் ட்ரேயை எடுத்துட்டு வரணும். தண்ணியில நாலு மணி நேரம் ஆடிட்டு, பசியோட நிக்குற குழந்தைங்க. பின்னாடி இருபது பேர் வரிசை.

5/
அந்த வரிசையில நின்னுக்கிட்டு அக்கா கேக்குறா: "இந்த பன்னீர்ல முந்திரி போடுவீங்களா?" கவுன்டர் பையன் தலையைக்கூட நிமிர்த்தல. "அதெல்லாம் இல்ல மேடம்." "கிரேவியில அரைச்சு விட்டிருப்பாங்களா?" "இல்ல மேடம், தக்காளி கிரேவிதான். சொல்லுங்க, எத்தனை நான்?"

நான் ஒரு டாக்டர். எனக்கே நம்பணும்போல இருந்தது. அவ்வளவு உறுதியா சொன்னான்.

6/
அக்கா நம்பல. நாலு வருஷ அனுபவம். "சமைக்கிறவங்களைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா?"ன்னு கேட்டா. பின்னாடி ஒருத்தர் உச்சுக் கொட்டினார். அப்போ அந்தக் குழந்தை என் சட்டையைப் பிடிச்சு இழுத்து மெதுவா சொன்னா: "மாமா, எனக்கு சாதா இட்லி போதும். அம்மாவைக் கேக்க வேணாம்னு சொல்லுங்க. எல்லாரும் பாக்குறாங்க."

7/
ஏழு வயசுக் குழந்தை, தன் உயிருக்காக அம்மா ஒரு கேள்வி கேக்குறதுக்கு வெக்கப்படுது. இந்தப் பதிவை எழுதக் காரணமே அதுதான்.

8/
உள்ள இருந்து மாஸ்டர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். கேள்வியை முழுசா கேட்டார். அப்புறம் சொன்னார்: "பாப்பாவுக்கு இந்தக் கவுன்டர்ல எதுவுமே வேணாம்மா. வெள்ளை கிரேவியோ சிவப்பு கிரேவியோ, கெட்டியா வரதுக்கு முந்திரி அரைச்சுதான் ஊத்துறோம். கரண்டியும் ஒண்ணுதான்."

அந்தத் 'தக்காளி கிரேவி'யிலயும் முந்திரி இருந்தது.

9/
நான் ஒவ்வொண்ணா கேட்டேன். அவரும் மறைக்காம சொன்னார். ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்? முந்திரி பக்கோடா பொரிக்கிற அதே எண்ணெய். பொங்கல், ரவா கிச்சடி? கேக்கவே வேண்டாம். வெண்ணிலா ஐஸ்கிரீம்? பிஸ்தாவுக்குப் போட்ட அதே ஸ்கூப், அதே தண்ணியில முக்கி எடுக்குறது. முந்திரி ஒத்துக்காதவங்களுக்குப் பல நேரம் பிஸ்தாவும் ஒத்துக்காது. ரெண்டும் ஒரே தாவரக் குடும்பம்.

10/
கவுன்டர் பையன் பொய் சொல்லணும்னு சொல்லல. அவனுக்குத் தெரியாது. அவனுக்குக் குடுத்த ட்ரெய்னிங் பில் போடுறது, வரிசையை வேகமா நகர்த்துறது. பேஸ் கிரேவி எங்கேயோ மொத்தமா தயாராகி டப்பாவுல வருது. 'தெரியல'ன்னு சொன்னா திட்டு விழும், 'இல்ல'ன்னு சொன்னா வரிசை நகரும். அவன் இடத்துல இருபது வயசுல நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

11/
ஆனா ஃபுட் கோர்ட்லயே ஆபத்தான பதில் அந்த "அதெல்லாம் இல்ல மேடம்"தான். "இருக்கு"ன்னு சொன்னா சாப்பிட மாட்டோம். "தெரியல"ன்னு சொன்னாலும் சாப்பிட மாட்டோம். தெரியாம சொல்ற "இல்ல"தான் குழந்தையைக் கேஷுவால்டிக்குக் கொண்டு வரும்.

12/
இப்போ கொஞ்சம் மருத்துவம். உணவு அலர்ஜின்னா "ஒத்துக்கல, லேசா அரிக்குது"ன்னு மட்டும் நினைச்சுக்கிறோம். பலருக்கு அதோட முடியும். சிலருக்கு முடியாது. நம்ம எதிர்ப்பு சக்தி அந்த முந்திரிப் புரதத்தை எதிரின்னு தப்பா நினைச்சு, ஹிஸ்டமின் மாதிரி ரசாயனங்களை ஒரேயடியா உடம்பு முழுக்கக் கொட்டும். மூச்சுக்குழாய் சுருங்கும், ரத்தக்குழாய் விரியும், பிபி விழும். இதுக்குப் பேர் அனஃபைலாக்சிஸ்.

13/
பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிஷத்துலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள வரும். உடம்புல தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, குரல் மாறுறது, இருமல், இழுப்பு, தலைசுத்தல், குழந்தை துவண்டு போறது. தடிப்பே இல்லாமலும் வரலாம். கொஞ்சூண்டு பட்டாலே சிலருக்குப் போதும். முந்திரியை வறுத்தாலும் பொரிச்சாலும் அந்தப் புரதம் அவ்வளவு சுலபமா அழியாது.

14/
இதுக்கு உயிர் காக்கும் மருந்து ஒண்ணே ஒண்ணு: அட்ரினலின். தொடையோட வெளிப்பக்கம், தசையில, உடனே. அவில் ஊசி அரிப்பைக் குறைக்கும். ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்காகும். சுருங்குற மூச்சுக்குழாயையும் விழுற பிபியையும் அந்த நேரத்துல தூக்கி நிறுத்துறது அட்ரினலின்தான்.

15/
இதை நான் புத்தகத்துல படிச்சிருந்தேன், ஆனா கத்துக்கிட்டது ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ, ஒரு நைட் டியூட்டியில. இறால் சாப்பிட்டு வந்த ஒரு இளைஞர், உடம்பெல்லாம் தடிப்பு. பழக்க தோஷத்துல நான் அவிலும் ஸ்டீராய்டும் எழுதினேன். அவர் வேர்த்துக் கொட்டி, "மயக்கமா வருது"ன்னார். நான் பிபி பார்த்துட்டு இருக்கும்போதே சீனியர் சிஸ்டர் சிரிஞ்சை நீட்டினாங்க: "டாக்டர், அட்ரினலின் எடுத்துட்டேன், குடுத்துடலாமா?"

16/
அவர் பிழைச்சார், மறுநாள் நடந்தே வீட்டுக்குப் போனார். அந்த சிஸ்டர் அன்னிக்கு டியூட்டியில இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்னு நான் இன்னும் நினைச்சுப் பார்ப்பேன். அதனால "ஹோட்டல்காரங்களுக்கு அறிவில்ல"ன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. எம்பிபிஎஸ் முடிச்ச எனக்கே பக்கத்துல ஒருத்தர் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

17/
சரி, ஹோட்டல் கதைக்கு வருவோம். அன்னிக்கு ராத்திரி முதலுதவி அறைக்குப் போய் விசாரிச்சேன். பேண்டேஜ் இருந்தது, பாராசிட்டமால் இருந்தது, ஓஆர்எஸ் இருந்தது, அவில்கூட இருந்தது. அட்ரினலின் இல்ல. "கேட்டு எழுதியிருக்கேன் சார், இன்னும் வரல"ன்னு நர்ஸ் தங்கச்சி சங்கடத்தோட சொன்னாங்க. அந்த ஃபுட் கோர்ட்ல ஒரு காபி விக்கிற விலையை விட ஒரு ஆம்பியூல் விலை கம்மி.

18/
சட்டம் என்ன சொல்லுது? நம்ம எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி, மத்திய லைசென்ஸ் வாங்கின உணவகங்களும், பத்து இல்ல அதுக்கு மேல கிளை இருக்குற உணவகங்களும் மெனுவுல கலோரியோட அலர்ஜித் தகவலையும் தரணும். 2022 ஜூலையிலேர்ந்து அமலில் இருக்கு. பட்டியல்ல கோதுமை மாதிரி குளூட்டன் தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, சோயா, வேர்க்கடலையும் முந்திரி பாதாம் வகைகளும், சல்ஃபைட் எல்லாம் வருது. நம்மள்ல எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்கியிருக்கோம்?

19/
இதுல ஒரு ஓட்டை இருக்கு. தனியா ஒரே இடத்துல இருக்குற, மாநில லைசென்ஸ்ல ஓடுற ஹோட்டல் இந்த வட்டத்துக்குள்ள வராது. ஊருக்குள்ள இருக்குற ஹோட்டல்னா பிரச்சினை இல்ல, பிடிக்கலேன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடலாம். தீம் பார்க் ஹோட்டல் அப்படியில்ல. சுத்தி மதில், வெளிய ஹைவே. வீட்டுச் சாப்பாட்டையும் வாசல்லயே வாங்கி வெச்சுட்டாங்க. ரெண்டு நாளைக்கு அந்த ஆறு கவுன்டர்தான் கதி.

20/
அதனால என் கருத்து இதுதான். வெளி உணவைத் தடுக்குற இடம், உள்ள விக்கிற உணவுல என்ன இருக்குன்னு சொல்லக் கடமைப்பட்டது. கிளை பத்தா ஒண்ணாங்கிற கணக்கே வேண்டாம். தடுக்குற உரிமை வேணும்னா, சொல்ற பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கணும். அது முடியாதுன்னா டிபன் பாக்ஸை உள்ள விடணும்.

21/
"தனியார் இடம், அவங்க இஷ்டம்"னு சொல்வீங்க. தியேட்டர் வழக்குல உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னது. வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டுன்னு. ஆனா அதே தீர்ப்புல, குடிதண்ணி இலவசமா கிடைக்கிறதையும், கைக்குழந்தைக்கான சாப்பாட்டை அனுமதிக்கிறதையும் நீதிமன்றம் குறிப்பிட்டிருக்கு. கைக்குழந்தைக்குக் காட்டுற அந்த நியாயம், டாக்டர் லெட்டரோட வர ஏழு வயசுக் குழந்தைக்கும் பொருந்தும்னு நான் நினைக்கிறேன்.

22/
வியாபாரம் படுத்துடுமா? ஃப்ளோரிடாவுல இருக்குற வால்ட் டிஸ்னி வேர்ல்டை எடுத்துக்கோங்க. பார்க்குக்குள்ள சொந்தச் சாப்பாடு கொண்டு போகலாம். கண்ணாடிப் பாட்டில் கூடாது, சூடு பண்ண வேண்டியதா இருக்கக் கூடாது, இப்படிச் சில நிபந்தனைகள் உண்டு. அவங்க ஹோட்டல் ஃபுட் கோர்ட்ல அலர்ஜி இருக்குறவங்களுக்குத் தனி மெனுவே உண்டு. அவங்க கூட்டம் ஒண்ணும் குறையல.

23/
மெனு அடிச்சுட்டா எல்லாம் சரியாயிடும்னும் சொல்ல வரல. 2023 அக்டோபர்ல அதே வளாகத்தோட கடைவீதியில இருக்குற ஒரு உணவகத்துல சாப்பிட்ட நியூயார்க் டாக்டர் ஒருத்தர் அனஃபைலாக்சிஸ்ல இறந்துட்டாங்க. பால், நட்ஸ் அலர்ஜி இருக்குன்னு ஊழியர்கிட்ட பலமுறை கேட்டு உறுதிப்படுத்திட்டுத்தான் சாப்பிட்டாங்கன்னு அவங்க கணவர் வழக்குல சொல்லியிருக்கார். அட்டையில எழுத்து மட்டும் போதாது. சமையலறையில தனிக் கரண்டி வேணும், கவுன்டர்ல உண்மையான பதில் வேணும்.

24/
நான் கேக்குறது பெரிய விஷயம் இல்ல.
ஒண்ணு: ஒவ்வொரு கவுன்டர்லயும் எந்தப் பதார்த்தத்துல எந்த அலர்ஜிப் பொருள்னு தமிழ்ல ஒரு போர்டு.
ரெண்டு: ஊழியருக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் குடுங்க, "எனக்குத் தெரியல, மாஸ்டர்கிட்ட கேட்டு சொல்றேன்." அப்படிச் சொன்னவனைத் திட்டாதீங்க.
மூணு: முதலுதவி அறையில அட்ரினலினும், அதைப் போடத் தெரிஞ்ச ஒருத்தரும்.
நாலு: டாக்டர் லெட்டர் இருந்தா டிபன் பாக்ஸை விடுங்க.

25/
பெற்றோருக்கு: கவுன்டர்ல நிறுத்திடாதீங்க, சமைக்கிறவரைக் கேளுங்க. "முந்திரி இருக்கா"ன்னு மட்டும் கேக்காம, கிரேவி, எண்ணெய், கரண்டி, ஸ்கூப் நாலையும் கேளுங்க. அறிகுறி வந்தா 108. குழந்தையைப் படுக்க வெச்சுக் காலைக் கொஞ்சம் உயர்த்துங்க. மூச்சுத் திணறினா உக்கார வைங்க. எழுந்து நடக்க விடாதீங்க. ஆஸ்பத்திரியில "அனஃபைலாக்சிஸா, அட்ரினலின் வேணுமா?"ன்னு தயங்காம கேளுங்க. நாங்க கோவிச்சுக்க மாட்டோம். கோவிச்சுக்கிட்டாலும் கேளுங்க.

26/
வரிசையில பின்னாடி நிக்குறவங்களுக்கு: முன்னாடி ஒரு அம்மா நிறையக் கேள்வி கேட்டா, உச்சுக் கொட்டாதீங்க. "வெள்ளைக்காரன் வியாதி"ன்னு சிரிக்காதீங்க. நம்ம ஊர்ல இது குறைவுதான், ஆனா இல்லாம இல்ல. உங்களுக்குப் போறது ரெண்டு நிமிஷம்.

27/
மறுநாள் காலையில அந்த மாஸ்டர் எங்களைப் பார்த்ததும் அவரே வந்தார். தோசைக்கல்லைத் தேய்ச்சுக் கழுவி, புதுக் கரண்டி எடுத்து, சாதா தோசை ஊத்தி, டோக்கனுக்குக் காத்திருக்காம தானே ட்ரேயில கொண்டு வந்து வெச்சார். சட்னியைத் தொட வேணாம்னு சொல்லி, சர்க்கரை குடுத்தார். பாப்பா ரெண்டு தோசை சாப்பிட்டு, மூணாவது கேட்டா. இந்த தடவை கவுன்டருக்கு அவளே போய்க் கேட்டா.

28/
இது ஒரு நல்ல மனுஷனோட தயவுல நடந்தது. அவர் லீவுல இருந்திருந்தா நடந்திருக்காது. அதான் போர்டு வேணும்னு கேக்குறேன். உங்க வீட்டுல யாருக்காவது உணவு அலர்ஜி இருந்தா, ஹோட்டல்ல நடந்த அனுபவத்தைக் கீழ எழுதுங்க. சந்தேகம் இருந்தாலும் கேளுங்க, டியூட்டி முடிச்சுட்டு வந்து பதில் சொல்றேன்.