அபராதம் போட நீ யார்?

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். அபராதம். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனை வளாகத்தில் கார் நிறுத்தியவன் வீட்டுக்குத் தபாலில் வந்து விழுகிற காகிதத்தை எல்லோரும் 'அபராதம்' என்றுதான் சொல்கிறார்கள். அது அபராதமில்லை. சட்டம் கொடுத்த அதிகாரத்தின் பேரில் அரசோ நீதிமன்றமோ போடுவதுதான் அபராதம். இதுவோ ஒரு தனியார் கம்பெனி, 'என் போர்டைப் படித்தாய், என்னோடு ஒப்பந்தம் செய்துகொண்டாய், அதை மீறினாய், பணம் எடு' என்று அனுப்புகிற பில்.

தந்திரத்தைப் பாருங்கள். நகராட்சி அனுப்புவது 'பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ்'. கம்பெனி அனுப்புவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. சுருக்கினால் இரண்டுமே 'பி.சி.என்.' தான்! காகிதத்தின் நிறம், கட்டம் போட்ட எழுத்து, வண்டியின் போட்டோ, நிமிடக் கணக்கு எல்லாம் சர்க்கார் உடுப்பு. உடுப்புக்குள்ளே இருக்கிறவன் வியாபாரி. ஊர்க்கூட்டம் போட்டுத் 'தெண்டம் கட்டு' என்று அதட்டுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வேடம் புதிதல்ல. யாரும் கொடுக்காத அதிகாரத்தை ஒருவன் தன் தலையில் தானே சூட்டிக்கொள்கிறான். மற்றவர்களுடைய பயம் அதற்கு முத்திரை குத்துகிறது.

'லண்டனில் கார் வைத்திருக்கிறவன் பிரச்சினை நமக்கு எதுக்குப்பா?' என்று சில தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அங்கே கார் என்பது கௌரவச் சின்னமல்ல. நடுராத்திரியில் முதியோர் இல்லத்து வேலைக்கு ஓடுகிற பெண்ணுக்கும், டயாலிசிஸுக்குப் போய் நடக்கத் தெம்பில்லாமல் திரும்புகிறவருக்கும் அது கால் மாதிரி. கடன் வாங்கிப் படிக்கப் போகும் நம் மாணவர்களும், பராமரிப்பு வேலைக்குப் போன நம் பெண்களும் இந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்குவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'விசாவுக்கு ஏதாவது ஆயிடுமோ அண்ணா?' என்று கேட்கிறார்கள். ஒரு பார்க்கிங் கம்பெனியின் பில்லுக்கு அந்த பயம்! அந்த பயத்தைத்தான் அவன் விற்று முதலாக்குகிறான்.

*

எனக்கு வந்த காகிதத்தைச் சொல்கிறேன். கம்பெனி பெயரும் மருத்துவமனைப் பெயரும் வேண்டாம். இது எங்கேயும் நடக்கிறது.

கிழக்கு லண்டனில் என் பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஆபீஸ் கட்டடங்களைத் துப்புரவு செய்கிற வேலை. இடுப்பு வலி தாங்காமல் இருந்தவருக்குக் காலை பத்தரை மணிக்கு டாக்டரைப் பார்க்கக் கடிதம் வந்தது. கூட்டிப்போனேன். மூன்று மணி நேரத்துக்குக் காசு கட்டினேன். டாக்டர் கூப்பிட்டது ஒன்றே முக்காலுக்கு. அப்புறம் எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, மறுபடியும் டாக்டர். நடுவில் எழுந்துபோய் மெஷினில் காசு போட வழியில்லை. அக்காவுக்கு மொழிபெயர்ப்பு நான்தான். வெளியே வரும்போது மூன்றே கால். வாசலில் இருந்த கேமரா எல்லாவற்றையும் குறித்துவைத்திருந்தது, உள்ளே நாங்கள் ஏன் காத்திருந்தோம் என்பதைத் தவிர.

பத்து நாளில் கடிதம். நூறு பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் 60. 2025 ஏப்ரலில் அங்கே சட்டப்படி நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. அந்தக் கணக்குப்படி இது எட்டு மணி நேரத்துக்கு மேலான உழைப்பு. தள்ளுபடி விலையிலும் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்தை விழுங்கிவிடும்.

'விடு தம்பி, நான் தாறன் அந்தக் காச. வீண் வில்லங்கம் வேண்டாம்' என்றார் அக்கா.

'உங்ககிட்ட வாங்கி அவனுக்குக் கட்டத்தான் உங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேனாக்கா?' என்றேன்.

தாமதம் யாருடையது? மருத்துவமனையுடையது. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுக்க வேண்டியவர் யார்? நோயாளி. நோயாளியைக் காக்கவைத்த அதே நிலத்தில், காத்திருந்ததற்காகவே அவரிடம் பணம் பறிக்க இன்னொருவனுக்கு ஒப்பந்தம். இதைவிட வெட்கங்கெட்ட ஏற்பாடு உண்டா?

*

'கோர்ட்டே ஒத்துக்கிட்டதாமே' என்பார்கள். உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. செம்ஸ்ஃபோர்டு நகரத்துக் கடை வளாகம் ஒன்றில் இரண்டு மணி நேர இலவச நேரத்துக்கு மேல் 56 நிமிடம் வண்டியை நிறுத்திய பேவிஸ் என்பவரிடம் 85 பவுண்டு கேட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பரில் தோற்றார். ஏழு நீதிபதிகளில் டூல்சன் பிரபு ஒருவர் மட்டும் மாறுபட்டார். வண்டிகள் வந்து போய்க்கொண்டிருந்தால்தான் கடைகளுக்கு வியாபாரம் நடக்கும், அதில் நியாயமான அக்கறை இருக்கிறது, போர்டுகளும் பெரிதாகத் தெளிவாக இருந்தன, தொகையும் அளவு மீறியதல்ல என்பது தீர்ப்பு.

சரி. ஆனால் அது கடைவீதி. சட்டை வாங்கப் போனவன் எப்போது கிளம்புவது என்று தானே முடிவுசெய்கிறான். கட்டிலில் படுத்திருக்கிறவளும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனும் முடிவுசெய்வதில்லை. கடைவீதி நியாயத்தை வைத்தியசாலைக்குள் கொண்டுவந்து வைப்பதுதான் இங்கே அரசியல். நோயாளி 'வாடிக்கையாளன்' ஆகிறான். அவன் வலி 'கூடுதல் நேரம்' ஆகிறது.

இந்தக் கம்பெனிகளுக்கு நம் விலாசம் எப்படிக் கிடைக்கிறது? அரசே கொடுக்கிறது. வண்டிப் பதிவு வைத்திருக்கும் டி.வி.எல்.ஏ. என்ற அரசு நிறுவனம் ஒரு விலாசத்துக்கு இரண்டரைப் பவுண்டு வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுக்கிறது. 2012-ல் வந்த சட்டம் தனியார் நிலத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப்போடும் ரவுடித்தனத்தை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடைசெய்தது. நல்லதுதான். ஆனால் அதே சட்டம், ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால் வண்டியைப் பதிவு செய்து வைத்திருப்பவரிடமே பணம் கேட்கலாம் என்று வேறு கதவைத் திறந்துவிட்டது. பூட்டு சக்கரத்திலிருந்து கழன்று விலாசத்தில் மாட்டிக்கொண்டது.

இவர்களைக் கட்டுப்படுத்த 2019-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன்படி 2022 பிப்ரவரியில் அரசு ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. அதே ஆண்டு ஜூனில் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2024-ல் கம்பெனிகளின் சங்கங்களே தங்களுக்குத் தாங்களே விதி எழுதிக்கொண்டன! 2025 ஜூலையில் அரசு மறுபடியும் 'கருத்து' கேட்டது. பூனைக்கு மணி கட்டுவது எப்படி என்று பூனையிடமே விசாரிக்கிறார்கள்.

*

நான் கட்டவில்லை. செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

ஒன்று. கம்பெனிக்கு 28 நாளுக்குள் மறுப்பு எழுதினேன். டாக்டர் கடிதத்தின் நகல், நாங்கள் வெளியேறிய நேரம் எழுதிய சீட்டு, காசு கட்டிய ரசீது எல்லாம் வைத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. இந்த நிலத்தில் வசூல் செய்ய உனக்கு என்ன ஒப்பந்தம் இருக்கிறது, காட்டு என்று கேட்டேன். கம்ப்யூட்டர் எழுதிய பதில் வந்தது: நிராகரிக்கப்படுகிறது.

இரண்டு. நிராகரித்தால் மேல்முறையீட்டுக்கு வழி சொல்ல வேண்டும். கம்பெனி எந்தச் சங்கத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து 'பாப்லா' என்ற அமைப்பு அல்லது 'ஐ.ஏ.எஸ்.' என்ற அமைப்பு. எனக்குப் பாப்லா. நமக்குச் செலவில்லை. அவர்கள் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது.

மூன்று. இதுதான் முக்கியம். நிலம் மருத்துவமனையுடையது, கம்பெனி குத்தகைக்காரன். அங்கே நோயாளிகள் குறைகேட்க 'பால்ஸ்' என்றொரு பிரிவு இருக்கிறது. அக்கா கையெழுத்தோடு அங்கே எழுதினோம்: 'உங்கள் டாக்டர்தான் எங்களைக் காக்கவைத்தார், உங்கள் ஆள்தான் பணம் கேட்கிறான், பதில் சொல்லுங்கள்.' இரண்டு வாரத்தில் கம்பெனியிடமிருந்து ஒரே ஒரு வரி: ரத்து செய்யப்பட்டது. வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. தெரிவிக்க வேண்டாம். நூறு பவுண்டு என்று அடித்துச் சொன்ன கடன் ஒரு வரியில் காணாமல் போகிறதென்றால் அது என்ன கடன்?

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. 'கடன் வசூல்' கம்பெனிகள் சிவப்பு எழுத்தில் கடிதம் போடும், 70 பவுண்டு கூட்டிக் கேட்கும். அவர்களுக்கு வீட்டு வாசற்படியில் எந்த அதிகாரமும் இல்லை. ஆனால் கோர்ட்டிலிருந்தே வருகிற வழக்குக் காகிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பதில் சொல்லாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அது ஆறு வருசம் உங்கள் பெயரில் பதிவாகி நிற்கும். பயப்படாமல் இருப்பது வேறு, அலட்சியமாக இருப்பது வேறு.

*

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். 1948 ஜூலை 5 அன்று அந்த நாட்டில் இலவசப் பொது மருத்துவம் தொடங்கியது. அதைக் கட்டிய அமைச்சர் அனூரின் பெவன், சுரங்கத் தொழிலாளியின் மகன், தானும் சுரங்கத்தில் வேலை செய்தவர். 1951-ல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் காசு வாங்கலாம் என்று அவருடைய சொந்தக் கட்சி அரசே முடிவுசெய்தபோது பதவியைத் தூக்கி எறிந்தார். சின்ன விசயத்துக்கா என்று கேட்டவர்கள் உண்டு. சின்ன ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் வடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு டாக்டரைப் பார்க்கக் காசில்லை. டாக்டர் இருக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தக் காசு.

'இலவசமாக்கினால் கண்டவனும் வந்து நிறுத்திவிடுவான்' என்பது வழக்கமான வாதம். ஸ்காட்லாந்தில் 2008 கடைசியிலேயே பெரும்பாலான மருத்துவமனைகளில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். தனியார் ஒப்பந்தத்தில் சிக்கியிருந்த மூன்றையும் 2021-ல் அரசே பணம் கொடுத்து மீட்டது. வேல்ஸ் 2008-ல் தொடங்கி 2018-ல் முடித்தது. அங்கெல்லாம் வைத்தியம் நின்றுவிடவில்லை. நோயாளிதானா என்று பார்க்க வார்டில் ஒரு முத்திரை போதும். நூறு பவுண்டு தேவையில்லை. இங்கிலாந்து மட்டும் மாற்றுத்திறனாளிகள், அடிக்கடி வரும் நோயாளிகள், இரவில் தங்கும் குழந்தைகளின் பெற்றோர், இரவுப்பணி ஊழியர்கள் என்று சலுகைப் பட்டியல் போட்டு நிறுத்திக்கொண்டது. சலுகை வேறு, உரிமை வேறு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊழியர்களையாவது விட்டார்களா? 2017-ல் கார்டிஃப் பல்கலைக்கழக மருத்துவமனையின் செவிலியர்கள் உள்ளிட்ட ஊழியர்கள், தாங்கள் வேலை செய்யும் இடத்திலேயே வண்டி நிறுத்தியதற்காகப் பார்க்கிங் கம்பெனி தங்கள்மேல் தொடுத்த வழக்கில் தோற்றார்கள். 2020-ல் கொரோனா வந்ததும் வியாழக்கிழமை தோறும் அதே செவிலியர்களுக்கு நாடே வாசலில் நின்று கைதட்டியது. இங்கிலாந்தில் ஊழியர்களுக்குப் பார்க்கிங் இலவசமானது. 2022 மார்ச் 31 அன்று அந்த இலவசம் முடிந்தது. கைதட்டலுக்கும் காலக்கெடு வைத்திருந்தார்கள்!

ஆகவே தோழர்களே, மாணவர்களே, இந்தக் காகிதம் உங்கள் கைக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இது யார் போட்டது? எந்த அதிகாரத்தில்? ஆதாரம் எங்கே? அறுபது பவுண்டோடு போகட்டும் என்று வாயை மூடிக்கொள்வதற்குத்தான் அந்தத் தள்ளுபடி. நாம் ஒவ்வொருவரும் தனியாகக் கட்டிவிட்டு மௌனமாவதில்தான் அந்தத் தொழில் ஓடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் கையில் அந்தக் காகிதத்தைப் பார்த்தால் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அவருக்காக எழுதுங்கள். அவரையும் இன்னொருவருக்கு எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்காதவனிடம்தான் எல்லாமே அபராதம்.