பன்னிரண்டு கிராமங்களின் பதில்

ஜனநாயகம் என்றதும் வாக்குச்சாவடியும் மை வைத்த விரலும்தான் நினைவுக்கு வருகின்றன. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை வரிசையில் நின்றுவிட்டால் குடிமகனின் வேலை முடிந்தது. அவன் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மலையை என்ன செய்யலாம் என்று இடைப்பட்ட காலத்தில் யாரும் அவனைக் கேட்பதில்லை. 2013இல் ஒடிஷாவில் கேட்டார்கள். அதுவும் நீதிமன்றம் சொன்னதால்.

ராயகடா, காலாஹாண்டி மாவட்டங்களில் பரந்து கிடக்கும் நியம்கிரி மலைத்தொடர் டோங்ரியா கோந்த் பழங்குடியினரின் பூமி. மலையை ஆள்பவர் நியம் ராஜா என்பது அவர்கள் நம்பிக்கை. உச்சியில் மரம் வெட்டுவது அவர்களுக்கு ஆகாது. மழைநீரைப் பிடித்துவைத்து, கோடையிலும் ஓடைகளில் கசியவிடும் மலை அது. அதே உச்சியில்தான் அலுமினியத்துக்கு மூலப்பொருளான பாக்சைட் இருக்கிறது. மதிப்பீடு, 7 கோடி டன்னுக்கும் அதிகம்.

அடிவாரத்தில், லாஞ்சிகரில், வேதாந்தா நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை முதலில் எழுந்தது. மலையைத் தோண்டும் அனுமதி பின்னால் வந்துவிடும் என்பது கணக்கு. நம் நாட்டில் இத்தகைய கணக்குகள் தப்புவது அபூர்வம். இது தப்பியது.

2010 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வன அனுமதியை மறுத்தது. மாநில அரசின் சுரங்கக் கழகம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. மலையின் மீது தங்களுக்குள்ள வழிபாட்டு உரிமை உள்ளிட்ட உரிமைகள் பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பு வந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அதற்கு அடிப்படை.

மாநில அரசு 12 கிராமங்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் கொண்ட மலையில் பன்னிரண்டுதானா என்று ஆட்சேபம் எழுந்தது. எல்லாம் சின்னஞ்சிறு ஊர்கள். மாவட்ட நீதிபதி அந்தஸ்தில் உள்ளவர் பார்வையாளராக வந்து அமர்ந்தார். ஜூலையில் தொடங்கி ஆகஸ்ட் 19 வரை ஒவ்வொன்றாகச் சபைகள் கூடின. பன்னிரண்டும் ‘வேண்டாம்’ என்றன. 2014 ஜனவரியில் அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது. மறுபடியும் சபைகளைக் கூட்டிக் கேட்கலாம் என்ற சுரங்கக் கழகத்தின் யோசனையை 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

சில நூறு பேர் சேர்ந்து தேசத்தின் கனிம வளத்தை முடக்குவதா என்று கேட்பவர்கள் உண்டு. அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வியல்ல. சமையல் பாத்திரம் முதல் மின்கம்பி வரை நகரவாசியின் வாழ்க்கை அலுமினியத்தில்தான் ஓடுகிறது. ஆனால் இதே ஒடிஷாவில் 1957இல் திறக்கப்பட்ட ஹிராகுட் அணைக்காக ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேறினார்கள். அவர்களுக்குத் தீர்மானம் எதுவும் நிறைவேற்ற வாய்ப்பு இருக்கவில்லை. அணை தேவைதானா என்பது ஒரு கேள்வி. வீட்டை இழப்பவனைக் கேட்டார்களா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதை மறந்துபோவது நம் வழக்கம்.

நியம்கிரியில் இரண்டாவது கேள்வி முன்னால் வந்தது. ஒப்புதல் கேட்பது என்றால் மறுப்பையும் ஏற்பது என்று பொருள். ‘சரி’ என்ற பதிலை மட்டும் எதிர்பார்த்துக் கேட்டால் அது வெறும் சடங்கு.

அந்தக் கேள்விக்கு இனி எவ்வளவு இடம் இருக்கும் என்பதுதான் கவலை. 2022இல் மாற்றப்பட்ட வனப் பாதுகாப்பு விதிகளின்படி, கிராம சபையின் சம்மதத்துக்குக் காத்திராமல் மத்திய அரசு இறுதி ஒப்புதல் தந்துவிடலாம். வன உரிமைகளை உறுதிசெய்யும் பொறுப்பு பிறகு மாநில அரசைச் சேரும். டில்லியில் கையெழுத்தான கோப்பு கைக்கு வந்தபின், ‘வேண்டாம்’ என்று சொல்லும் ஒரு குக்கிராமத்துக்காக எந்த மாநில அரசு முதலீட்டைத் திருப்பி அனுப்பும்?

நியம்கிரியின் பாக்சைட் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. அது எங்கும் ஓடிவிடாது. கேட்டுவிட்டுச் செய்யும் பழக்கம் அப்படியல்ல. ஒருமுறை கைவிட்டால் திரும்ப வர இன்னொரு தலைமுறை ஆகும்.