ஆன்ட்டிவைரஸ் இருக்கிறது, அப்புறம்?

2017 மே 13, சனிக்கிழமை. ஆந்திரக் காவல்துறை அலுவலகங்கள் பலவற்றில் கணினித் திரை சிவப்பாக மாறியிருந்தது. உங்கள் பைல்களைப் பூட்டிவிட்டோம், 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் அனுப்பினால் திறந்துவிடுகிறோம், மூன்று நாள் தாண்டினால் தொகை இரட்டிப்பு என்று அதில் எழுதியிருந்தது. கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் என்று பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பட்டியலில் எங்கள் சித்தூர் மாவட்டமும் இருந்தது. திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்தான். 2017இல் எங்கள் ஊரான ரேணிகுண்டாவும் சித்தூர் மாவட்டம்தான். அடுத்த சில நாட்களில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவும் மாட்டின. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலையில் வேலை தடைபட்டது. 150 நாடுகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். அந்த ரான்சம்வேரின் பெயர் வானாக்ரை.

வானாக்ரை பரவுவதற்கு யாரும் எந்த இணைப்பையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் பைல்களைப் பகிர விண்டோஸில் இருக்கும் பழைய வசதியில் ஓர் ஓட்டை. அதன் வழியாக, நெட்வொர்க்கில் இருக்கும் அடுத்த கணினிக்குத் தானே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் இடைவெளி. அப்டேட்டைப் போட்டிருந்த கணினிக்குள் அந்த வழியாக வானாக்ரையால் நுழைய முடியவில்லை. போடாத கணினிகளில் ஆன்ட்டிவைரஸ் இருந்தும் பல வீழ்ந்தன.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் கணினி விஷயம் கொஞ்சம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால், ரயில்வே குடியிருப்பிலும் கடைத்தெருவிலும் கேள்விகள் வரும். இப்போது அதிகம் வருவது இதுதான்: "அண்ணா, ஆன்ட்டிவைரஸ் இருக்கு. கூடவே ஆன்ட்டி-மால்வேர்னு ஒன்னு போடணும்னு கடையில சொல்றாங்க. எதை வாங்கலாம்?" நல்ல கேள்வி. பதிலும் உண்டு. ஆனால் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கும் கணினியில் எந்த இரண்டாவது மென்பொருளைப் போட்டும் பெரிய பயன் இல்லை. திருட்டு விண்டோஸைப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் உள்ள கடைகளில், 'ஒரிஜினல் இல்லை' என்று திரை காட்டிவிடுமோ என்று பயந்து முதல் வேலையாக அப்டேட்டைத்தான் அணைப்பார்கள். வீட்டுக்கு வரும்போதே கதவில்லாமல் வருகிறது கணினி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதில் ஆன்ட்டிவைரஸின் தினசரிப் பட்டியல் இன்னும் வந்துகொண்டிருக்கும்; நீட்டிப்புத் திட்டத்தில் சேராதவர்களுக்கு ஓட்டை அடைக்கும் அப்டேட் வராது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வானாக்ரை வந்த அந்த வாரம் தெரிந்தது.

சரி, அப்டேட் ஒழுங்காக வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆன்ட்டிவைரஸ் இருக்க, ஆன்ட்டி-மால்வேர் என்ற தனி வகை எப்படி வந்தது?

2000க்கு முன்னும் பின்னும் ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்கள் பைலுக்குப் பைல் ஒட்டிப் பரவுகிறவற்றைத்தான் தங்கள் எதிரியாக நினைத்தன. இலவச டூல்பார், உலாவியின் முதல் பக்கத்தை மாற்றுவது, விளம்பரமாகக் கொட்டுவது, நாம் போகும் தளங்களைக் குறித்துக்கொள்வது போன்றவற்றை அவை பெரும்பாலும் தொடவில்லை. நிறுவும்போது நாமே 'சம்மதம்' கொடுத்திருப்போம் என்பது அவர்கள் வாதம். அந்த இடைவெளியில்தான் ஆட்-அவேர், ஸ்பைபாட் போன்றவை வந்தன, பிறகு மால்வேர்பைட்ஸ். மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டரே முதலில் வேவு மென்பொருளை மட்டும் பிடிப்பதாகத்தான் இருந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் அது முழு ஆன்ட்டிவைரஸ் ஆனது. இன்று இரண்டு தரப்பும் ஏறக்குறைய எல்லாவற்றையும் தேடுகின்றன. ஆனாலும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி மாதிரித் தொகுப்பு, தனித்தனிக் கணிப்பு. எதை வேண்டாத மென்பொருள் என்று ஒதுக்குவது என்பதிலும் கண்டிப்பு வேறுபடும். ஒன்று விட்டதை இன்னொன்று பிடிப்பது அதனால்தான். இரண்டாவது ஒன்று வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இரண்டும் எப்போதும் விழித்திருக்கக் கூடாது. கடைகளில் சொல்லாமல் விடுவது இதைத்தான். ஒவ்வொரு பைல் திறக்கும்போதும் ஆன்ட்டிவைரஸ் இடையில் புகுந்து, பார்த்துவிட்டு, பிறகுதான் விடும். அதே வேலைக்கு இரண்டு பேர் நின்றால், ஒருவர் திறக்கும் பைலை மற்றவர் நிறுத்திச் சோதிப்பார். ஒருவர் தனியே அடைத்து வைத்ததை மற்றவர் வைரஸ் என்று பிடிப்பார். எங்கள் ஜங்ஷனில் குண்டக்கல் பக்கம் போகும் வண்டியும் கூடூர் பக்கம் போகும் வண்டியும் குழப்பமின்றிப் பிரிவதற்குக் காரணம், ஒரு தடத்துக்கு ஓர் இடத்திலிருந்துதான் சிக்னல் வருகிறது என்பதே. கணினிக்கும் அப்படித்தான். நான்கு ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் இரண்டையும் ஓடவிட்டால், பிள்ளைகள் பாடத்தைத் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். அப்புறம் யாரோ வந்து இரண்டையுமே அணைத்துவிடுவார்கள். மோசமான முடிவு அது.

ஆக, வீட்டுக்கு வேண்டியது எப்போதும் விழித்திருக்கும் ஒன்று, கூப்பிட்டால் மட்டும் வந்து பார்க்கும் இன்னொன்று. அந்த இரண்டாவதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

விண்டோஸோடு வரும் டிஃபெண்டரையே முதலாவதாக வைத்திருப்பவர்களுக்கு என் தேர்வு மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு. நிறுவியதும் 14 நாட்கள் கட்டணப் பதிப்பின் வசதிகளைச் சோதனையாகக் கொடுக்கும். அந்த நாட்களில் அதுவும் விழித்திருக்கும் என்பதால் சோதனைக் காலத்தை உடனே முடித்துக்கொள்ளலாம். அமைப்புகளில் ஓர் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். விண்டோஸ் பாதுகாப்பு மையத்தில் தன்னை எப்போதும் பதிவுசெய்துகொள்ளும்படி ஒரு விருப்பம் இருக்கும். அது இயங்கினால் டிஃபெண்டர் விலகிவிடும். அதை அணைத்து வையுங்கள். நிறுவவே வேண்டாம் என்பவர்களுக்கு எம்சிசாஃப்ட் எமர்ஜென்சி கிட் நல்லது. ஒரு போல்டரில் கிடக்கும், ஓட்டிவிட்டு மூடிவிடலாம். மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனரும் அப்படித்தான், ஆனால் இறக்கிய பத்து நாளில் காலாவதியாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும். ஹிட்மேன்ப்ரோ கண்டுபிடிப்பதில் வேகமானது. கண்டதை நீக்க 30 நாள் வரைதான் இலவசம்.

சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் போன்றவற்றுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறீர்களா? உங்களுக்கு இரண்டாவது மென்பொருளும் கணினியிலேயே இருக்கிறது. இவற்றில் ஒன்றை நிறுவியதும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். விண்டோஸ் பாதுகாப்பு அமைப்புக்குள் போய், வைரஸ் பகுதியில், டிஃபெண்டரின் காலமுறை ஸ்கேனை இயக்கிவிட்டால், காவலுக்கு நிற்காமல் அவ்வப்போது மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகும். 2016 முதலே இந்த வசதி விண்டோஸ் 10இல் உண்டு. இருப்பதே தெரியாமல் மூன்றாவது ஒன்றுக்குப் பணம் கட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இறக்குமிடம் முக்கியம். கூகுளில் தேடி முதலில் வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். "உங்கள் கணினியில் வைரஸ்கள் உள்ளன, உடனே இதை இறக்குங்கள்" என்று உலாவியில் எட்டிப் பார்க்கும் பெட்டி எதையும் கண்டுபிடித்திருக்காது, ஏனென்றால் ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்கை ஸ்கேன் செய்ய முடியாது. 2024இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு 'சரிசெய்யும்' மென்பொருள்களை இப்படி மிரட்டி விற்ற நிறுவனங்கள் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 2.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. பெயர் பெற்ற நிறுவனங்களும் விதிவிலக்கல்ல. இலவச ஆன்ட்டிவைரஸ் தந்த அவாஸ்ட், பயனாளர்கள் போன தளங்களின் விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020 ஜனவரியில் வெளியானது. பிறகு அதே ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டவைத்தது. இலவசம் என்றால் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்பது அவசியம். நான் மேலே பரிந்துரைத்தவற்றில், மைக்ரோசாஃப்டினது தவிர, இலவசப் பதிப்பு கட்டணப் பதிப்பை விற்பதற்கான வாசலாக இருக்கிறது. அந்த வியாபாரம் எனக்குப் புரிகிறது, அதனால் ஏற்றுக்கொள்கிறேன்.

நம் அரசும் இலவசமாகக் கொடுக்கிறது. 2017 பிப்ரவரியில், வானாக்ரைக்கு மூன்று மாதம் முன்பு, மத்திய மின்னணு அமைச்சகம் சைபர் ஸ்வச்தா கேந்திரா என்ற மையத்தைத் தொடங்கியது. அதன் தளத்தில் கணினியைச் சுத்தம் செய்யும் கருவிகளோடு, பென்டிரைவைக் கட்டுப்படுத்தும் 'யுஎஸ்பி பிரதிரோத்' என்ற மென்பொருளும் வந்தது. பென்டிரைவை இவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொண்டது நம் ஊர்களைப் புரிந்துகொண்ட செயல். ஆதார் நகல், தரிசன டிக்கெட், நிலத்துக்கான பாஸ்புக் எல்லாம் பென்டிரைவில் ஜெராக்ஸ் கடைக்குப் போய் வருகின்றன. அந்தக் கடைக் கணினியில் நாள் முழுக்க யார் யாருடைய பென்டிரைவோ செருகப்படுகிறது. வீட்டுக்கு வந்து திறந்தால் போல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். உண்மையான போல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் வைரஸை ஓட்டும் ஷார்ட்கட்டை வைத்திருக்கும். அதைத் தொட்டால்தான் பரவும். தொடாமல், பென்டிரைவின் மேல் வலது கிளிக் செய்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டாவது மென்பொருள் தன் சாப்பாட்டுக்கு உழைப்பது இந்த மாதிரி நேரத்தில். முடிந்தால் பைலை மின்னஞ்சலில் அனுப்பி அச்செடுங்கள், பென்டிரைவே வேண்டாம்.

ஸ்கேனால் முடியாதவையும் உண்டு. தேவஸ்தானத்தின் பெயரில் போலித் தளங்கள் அடிக்கடி முளைக்கின்றன, தேவஸ்தானமும் புகார் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அங்கே நாமே பணம் கட்டினால், கணினியில் பிடிக்க ஒரு வைரஸும் இருக்காது. சமீப ஆண்டுகளில் இன்னொரு வகை பெருகியிருக்கிறது. 'நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்யுங்கள்' என்ற பக்கம், விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தி, எதையோ ஒட்டி, என்டர் தட்டச் சொல்லும். சொன்னபடி செய்தால் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை அள்ளும் மென்பொருள் உள்ளே வந்துவிடும். அந்த வகையில் பேர்பெற்ற லும்மாவை முடக்கியபோது, 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடு வரையான இரண்டு மாதத்தில் மட்டும் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. இப்படி ஒன்று வந்துபோயிருந்தால், ஸ்கேனர் அதை நீக்கினாலும் களவு போன கடவுச்சொல் திரும்பாது. வேறொரு சுத்தமான கருவியில் உட்கார்ந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை உடனே மாற்ற வேண்டும். பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

வீட்டுக் கணினிகளை அதிகம் கெடுத்த ரான்சம்வேர் வானாக்ரை அல்ல, ஸ்டாப் டிஜவு. கணக்கு மென்பொருளுக்கோ விளையாட்டுக்கோ கிராக் தேடிப் போகிறவர்களிடம் வரும். நிறுவும்போது ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்லி வழிகாட்டுவார்கள், நாமும் அணைப்போம். முதலாவதோ இரண்டாவதோ, எந்த மென்பொருள் இருந்தும் அந்தப் பத்து நிமிடத்துக்கு உதவாது. 980 டாலர் கேட்கும், 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் இதற்கு இலவசத் திறவுகோல் வெளியிட்டது, 148 வகைகளுக்கு. பிறகு வந்தவற்றில் பலவற்றுக்கு அது உதவாது. கல்யாண ஆல்பமும் குழந்தையின் முதல் பிறந்தநாளும் பூட்டிக் கிடக்கும்.

அதனால் இரண்டாவது மென்பொருளுக்கென்று ஆண்டுச் சந்தா கட்ட ஒதுக்கிய பணத்தை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள் என்பேன். மாதம் ஒரு ஞாயிறு போதும். முதலில் விண்டோஸ் அப்டேட், பிறகு இரண்டாவது ஸ்கேனரைத் திறந்து அதன் பட்டியலைப் புதுப்பித்து முழு ஸ்கேன். சந்தேகமாக எதையாவது காட்டினால் அழிக்காமல் தனியே அடைத்து வைக்கச் சொல்லுங்கள், தவறாகப் பிடித்திருந்தால் திரும்ப எடுக்கலாம். பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் எழும் முன்பே ஓடுவதால் ஒளிந்திருப்பதும் சிக்கும். எல்லாம் சுத்தம் என்று வந்த பிறகு ஹார்ட் டிஸ்கைச் செருகிப் படங்களையும் ஆவணங்களையும் நகலெடுங்கள். எடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே விட்டிருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.