சிறார்க்கேற்ற சில புது நூல்கள்

தமிழிற் சிறார்க்கேற்ற புது நூல்கள் இல்லை என்பார் கூற்றை யாம் உடன்படோம். அசோக் நகரில் தமிழைத் தடையின்றிப் பேசும் பிள்ளைகள் சிலர், அதனைப் படிக்குங்கால் எழுத்தெழுத்தாய் இடர்ப்படுவதைக் கண்டுளேம். குறை நூலின்மையன்று; பெற்றோர் பலர் ஆங்கில நூலையே தேடி வாங்குவதாம்.

உதயசங்கர் இயற்றிய 'ஆதனின் பொம்மை' 2023ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. கீழடியின் தொன்மையைக் கதைவழி உணர்த்தும் இந்நூலையே முதற்கண் பரிந்துரைப்போம். அறிவியல் விழைவார்க்கு, 2014இல் அவ்விருதினைப் பெற்ற ஆயிஷா இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' உண்டு. பழைய விக்கிரமாதித்தனைப் பாட்டியிடம் கேட்டார்க்கு இத்தலைப்பே நகை விளைக்கும்.

நிற்க, இவை நன்கு படிக்கவல்லார்க்கே உரியன. ஏனையோர்க்குத் தமிழ்நாட்டு அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களே பொருந்தும். அவை வயது நோக்காது, படிக்கும் ஆற்றல் நோக்கி நுழை, நட, ஓடு, பற என நால்வகைப்படுவன. ஆதலின் பன்னிரண்டு வயதினனும் நாணாது 'நுழை'யினின்று தொடங்கலாம். அரசுப் பள்ளிகட்கென எழுந்தனவேனும், தனியார் பள்ளிப் பிள்ளைகட்கும் இவை பெரிதும் வேண்டற்பாலன என்பது எம் துணிபு. விடுமுறைக்கு வீடு செல்லும் அன்பர்கள், தம்பி தங்கையர்க்கு இவற்றுள் ஒன்றையேனும் உடனிருந்து படித்துக் காட்டுவாராக. அதற்குக் கால் மணி நேரம் போதும்.