அடுக்களை அலமாரியும் பத்து மாத முன்பணமும்



இல்லப் பராமரிப்பைக் குறித்து இப்பக்கத்தில் திங்கள்தோறும் எழுதிவரும் நான், இம்முறை என் சொந்த நட்டத்தைச் சொல்லித் தொடங்க வேண்டியவனாயிருக்கிறேன். அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்கு அண்மையிலிருந்த வீட்டில் ஐந்தாண்டுகள் குடியிருந்து, சென்ற தைத் திங்களில் ஜோகுபாளையத்துக்கு மாறினோம். குடிவருவோரிடம் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இந்நகரின் நெடுநாளைய பழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். என் முன்பணம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். கையில் திரும்பி வந்தது ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். மீதி இருபத்திரண்டாயிரத்தை வீட்டுக்காரர் அடுக்களை அலமாரியின் பேரில் பிடித்துக்கொண்டார்.

கோபம் வராமலில்லை. ஆயினும் அவர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழுள்ள கதவைத் திறந்து காட்டியபோது நான் வாயடைத்துப் போனேன். அடிப்பலகை ஊறிய அவலைப் போல உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. கழிவுநீர்க் குழாயின் இணைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் கசிந்திருக்கிறது. எத்தனை மாதமாகவோ தெரியாது. அதற்கு முன்னால் பழைய செய்தித்தாள் கட்டும், காலி டப்பாக்களும், ஊரிலிருந்து வந்த அரிசி மூட்டையின் சாக்கும் அடைத்து வைத்திருந்தபடியால் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. பார்சல் அலுவலகத்தில் ஒரு மூட்டை நனைந்து வந்தால் எங்கே நனைந்தது, யார் பொறுப்பு என்று பக்கம் பக்கமாக எழுதுகிற எனக்கு, என் வீட்டிலேயே நனைந்துகொண்டிருந்த பலகை கண்ணில் படவில்லை!

ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் அதைப் பார்த்துவிட்டு, “ஏன்டா தம்பி, நம்ம வீட்டுல மாடத்துக்கும் பரணுக்கும் கதவா போட்டோம்? மூடி வெச்சா அதுக்கு மூச்சு முட்டாதா?” என்றார். முதியவர் பேச்சென்று தள்ளிவிட முடியாதபடி அதில் உண்மை இருக்கிறது. நம் பழைய அடுக்களைகளில் சுவர் மாடம், பரண், உறி, அஞ்சறைப்பெட்டி ஆகியவையே இருந்தன. பாலும் தயிரும் வைக்க வலைக்கம்பி அடித்த அலமாரி. எறும்பு ஏறாமலிருக்க அதன் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்திவைப்பார்கள். எல்லாம் காற்றோட்டமுள்ளவை. சுற்றிலும் கதவிட்டு மூடிய அலமாரி வரிசை மேனாட்டு வழக்கம். 1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிகோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வகுத்த சமையலறையே இன்றைய ‘மாடுலர்’ அடுக்களைக்கு முன்னோடி என்பர். அந்த அம்மையார் அதற்கு மாதிரியாகக் கொண்டவற்றுள் இரயில் உணவு வண்டியின் குறுகிய சமையலறையும் ஒன்று என்று படித்தபோது, இரயில்வே ஊழியன் என்ற முறையில் எனக்குச் சிறிது பெருமையாகவே இருந்தது. மாவு வைக்கும் இழுப்பறையைப் புழு அண்டாதென்று ஓக் மரத்தில் செய்வித்தாராம். ஈக்கள் நீலத்தை வெறுக்கும் என்ற நம்பிக்கையில் கதவுகளுக்கு நீல வண்ணம் தீட்டினாராம். நம் ஈக்களிடம் இந்த உபாயம் செல்லுமென்று எனக்குத் தோன்றவில்லை.

நம் வீடுகளில் இன்று உள்ளவை பெரும்பாலும் ஒட்டுப்பலகையின் மேல் சன்மைக்காத் தகடு ஒட்டியவை. தகடு நீருக்கு அஞ்சாது. உள்ளிருக்கும் பலகைதான் அஞ்சும். ஐ.எஸ். 303 என்ற தரத்தில் வரும் ‘எம்.ஆர்.’ பலகை காற்றிலுள்ள ஈரத்தைத் தாங்குமேயன்றித் தேங்கிய நீரைத் தாங்காது. ஐ.எஸ். 710 என்று முத்திரையிட்ட பலகையின் பசையை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுச் சோதிக்கிறார்கள். தொட்டியின் கீழே போடத் தக்கது அதுவே. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையோ ஒருமுறை நீர் குடித்து உப்பினால் மறுபடி பழைய நிலைக்குத் திரும்பாது. வாடகை வீட்டில் எது போட்டிருக்கிறதென்பது நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாது. ஆகையால் மட்டமானதே போட்டிருக்கிறதென்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு.

நீர் புகும் வழி தகட்டின் முகமன்று, அதன் விளிம்பு. ஆதலால் ஈரம் சொட்டும் துணியால் துடைப்பது துடைக்காமலிருப்பதைவிடக் கெடுதல். துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கதவின் அடிவிளிம்பை, முழங்கால் மடித்துக் குனிந்து, தனியாக ஒருமுறை துடைக்க வேண்டும். விளிம்புப் பட்டை பெயர்ந்திருந்தால் அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும். என் வீட்டில் பெயர்ந்தது ஒரு தீபாவளிக்கு. ஒட்டலாம் என்று நினைத்தது அடுத்த தீபாவளிக்கு.

அடுப்பின் மேலுள்ள அலமாரியின் துன்பம் வேறு. அங்கே நீரன்று, எண்ணெய். தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை படிந்து, காற்றோடும் வெப்பத்தோடும் சேர்ந்து நாளடைவில் இறுகிவிடுகிறது. மரச்சாமான்களுக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் உலர்ந்து வார்னிஷ்போல் ஆவதும் இதே முறையில்தான். சூரியகாந்தி எண்ணெய்க்கு இக்குணம் மிகுதி, தேங்காய் எண்ணெய்க்கு மிகக் குறைவு. படிந்த வாரத்திலேயே வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் தொட்ட துணியால் துடைத்தால் அழுக்கு போய்விடும். ஆறு மாதம் விட்டால் மஞ்சள் அரக்காகிவிடும். அதற்குச் சமையல் சோடாவைச் சிறிது நீரில் குழைத்துப் பூசி, பத்து நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய துணியால் வட்டமாகத் தேய்த்து எடுக்கலாம். இரும்பு நார் கூடவே கூடாது. அது விடும் கீறல்களிலே அடுத்த அழுக்கு உறுதியாய் உட்கார்ந்துகொள்ளும்.

சிலர் விரைவில் வேலை முடிய வேண்டுமென்று கழிவறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாய்க் கலக்கிறார்கள். அவ்விரண்டும் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். மூடிய அடுக்களையில் அது நுரையீரலைத் தாக்கி உயிருக்கே ஊறு செய்யும். விளையாட்டாய் எண்ண வேண்டாம்.

பூச்சிகளைப் பற்றி இரண்டு சொல். அடுக்களையில் காணும் சிறிய பழுப்புநிறக் கரப்பான் ஒரே முட்டைப்பையில் முப்பதுக்கு மேற்பட்ட முட்டைகளைச் சுமக்கும். அது விரும்பும் இடம் கீலின் இடுக்கும் இழுப்பறையின் பின்புறமும். இழுப்பறையை முழுவதும் கழற்றி வெளியே எடுக்காமல் துடைப்பது துடைத்ததாகாது. போரிக் பவுடர் தூவுவோர் குழந்தைகளின் கைக்கும் உணவுக்கும் எட்டாத இடுக்குகளில் மட்டும் தூவுக. பலகையடியில் மாவுபோல் மெல்லிய பொடி உதிர்ந்திருந்தால் அது மரத்தைத் துளைக்கும் வண்டின் வேலை; சுவரோரம் மண் கோடு ஏறினால் கறையான். கறையானைக் கண்டால் நாமே மருந்தடித்துக் காலம் கடத்தாமல் வீட்டுக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுவது நலம். கீல் தளர்ந்து கதவு தொங்கினால், திருகாணியைக் கழற்றி, ஓட்டையில் பசை தோய்த்த தீக்குச்சி இரண்டைச் செருகி, உலர்ந்தபின் மீண்டும் முடுக்கினால் பிடித்துக்கொள்ளும். கிரீச்சிடும் கீலுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் சொல்ல விரும்புவது எரிவாயு உருளையைப் பற்றி. அழகுக்காக அதனை அலமாரிக்குள் வைத்துக் கதவை இறுகச் சாத்தும் வழக்கம் பல வீடுகளில் காண்கிறேன். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழாமல் தரையிலே தேங்கும். மூடிய அலமாரியில் அது சேர்ந்துகொண்டே போய், ஒரு மின்பொறிக்காகக் காத்திருக்கும். எங்கள் பழைய வீட்டில் அதே அறைக்குள் நீர் சுத்திகரிப்பானின் சுவிட்சும் இருந்ததை எண்ணினால், போன இருபத்திரண்டாயிரம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. உருளையை வெளியிலே நிமிர்த்தி வைப்பதே சிறந்தது. இயலாவிடில் கதவின் அடிப்பாகத்தில் காற்றுப் புழைகள் இடுவிக்க வேண்டும். மேலே இட்ட புழையால் பயனில்லை. இரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

புதிய வீட்டில் உருளை பின்கட்டில் இருக்கிறது. தொட்டியின் கீழ் ஒரு பொருளும் வைப்பதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி குழாய் இணைப்பைச் சுற்றி ஓர் உலர்ந்த செய்தித்தாள் துண்டை விரித்து வைக்கிறாள். மாலையில் அதில் ஈரம் படிந்திருந்தால் கசிவு உண்டென்று தெரியும். ஐப்பசி மழை நாட்களில் வெயில் எட்டிப் பார்க்கும் நேரம் பார்த்து எல்லாக் கதவுகளையும் திறந்துவைப்பது என் தாயாரின் பொறுப்பு. குடியேறிய அன்றே ஒவ்வொரு கதவையும் இழுப்பறையையும் திறந்து படம் எடுத்து, தேதியிட்டு, ஒப்பந்தத்தோடு ஒரு படி வீட்டுக்காரரிடம் கொடுத்து, மறுபடியில் கையொப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். அவர் முதலில் சற்று வியப்போடு பார்த்தார். பிறகு தம்முடைய மற்ற இரு குடித்தனக்காரர்களிடமும் அவ்வாறே எழுதி வாங்கிக்கொண்டார்.