மைதான ஓரம்: பூட்ஸும் புத்தகமும்



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வருகையில், எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் வாழும் அக்கா ஒருவர் என்னை நிறுத்தினார்.

"தம்பி, இவன் பத்தாம் வகுப்பு. எந்நேரமும் பந்து, பந்து என்றே அலைகிறான். பூட்ஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நான் செய்தது சரிதானே?" என்றார்.

பையன் தலை குனிந்து நின்றான். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. வீடு திரும்பும் வழியில் ஒருவரின் வரலாறு நினைவுக்கு வந்தது. அவர் எங்கள் ரயில்வேக்காரர். ஆகவே சற்று உரிமையோடு எழுதுகிறேன்.

பி. கே. பானர்ஜி 1936-இல் ஜல்பாய்குரியில் பிறந்தவர். 1954-இல் கல்கத்தாவின் ஏரியன் கழகத்துக்கு ஆட வந்து, மறு ஆண்டே கிழக்கு ரயில்வே அணியில் சேர்ந்தார். அக்காலத்தில் நம் நாட்டில் பந்தாட்டம் தனித் தொழிலாக இருக்கவில்லை; ஆட்டக்காரர் வீட்டு அடுப்பை எரிய வைத்தது உத்தியோகமே. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய பெருங்கழகங்கள் கோலோச்சிய நகரில், 1967-இல் ஆட்டத்தை விடும்வரை அவர் ரயில்வே அணியை விட்டு அகலவில்லை. அதனால் அவர் புகழ் குன்றியதா? 1958-இல் கல்கத்தா லீக் பட்டத்தை ரயில்வே அணியே வென்றது. அம்மூன்று கழகங்கள் அல்லாத வேறோர் அணி அப்பட்டத்தை மீண்டும் பெற 2019 வரை காத்திருக்க நேர்ந்தது!

1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைவராக நின்று, பிரான்ஸுக்கு எதிராகக் கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். 1962-இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்றோம். முதல் கோல் பானர்ஜியுடையது. அடுத்தது ஜர்னைல் சிங்குடையது. நம் கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். அவ்வணியைப் பயிற்றுவித்த ரகீம் ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

31 வயதில் பானர்ஜியின் ஆட்டம் முடிந்தது. ஆனால் அவரது வாழ்வின் இரண்டாம் பாதி அதன் பின்னரே தொடங்கிற்று. 1970-இல் பாங்காக்கில் இந்தியா வெண்கலம் பெற்றபொழுது பயிற்சியாளர் இருவரில் அவர் ஒருவர். 1972-இல் ஈஸ்ட் பெங்கால் அவரை அழைத்தது. 1975-இல் ஐ.எப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் அவ்வணி மோகன் பகானை 5-0 என்று வீழ்த்தியது. அடுத்த ஆண்டு அதே மோகன் பகானே அவரை அழைத்துக்கொண்டது! 1977-இல் பெலே ஆடிய காஸ்மாஸ் அணியோடு ஈடன் தோட்டத்தில் 2-2 என்று சமமாக நின்றது அவர் பயிற்றுவித்த மோகன் பகான்தான்.

ஆட்டத்துக்கு முன் அவர் பேசும் பேச்சுக்கு வங்காளிகள் 'வோக்கல் டானிக்' என்று பெயரிட்டிருந்தனர். 1997-இல் சால்ட் லேக் மைதானத்தில் 1,30,000-க்கும் மேற்பட்டோர் கூடியிருக்க, அமல் தத்தாவின் 'வைர வியூக'த்தை அவரது ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று முறியடித்தது. பைசுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். பானர்ஜிக்கு அப்பொழுது 61 வயது. 2020-இல் அவர் மறைந்தார்.

இதிலிருந்து நான் அறிந்தது ஒன்று. கால் தரும் வாழ்வு முப்பது வயதை ஒட்டி முடிந்துவிடும். அதன் பின் சோறு போடுவது, ஆடும்பொழுதே கவனித்துக் கற்றதும், கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் திறனுமே. ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீடு இன்றும் உண்டு. ஆனால் அங்கும் பள்ளிச் சான்றிதழைக் கேட்கிறார்கள். ஆகவே மைதானத்தை அடைத்தாலும் நஷ்டம். புத்தகத்தை மூடினாலும் நஷ்டம்.

மறுவாரம் அக்காவின் வீட்டுக்குச் சென்று இதையே சொன்னேன். நான் மெட்ரிகுலேஷன் மட்டும் தேறியவன். ஆயினும் பத்தாம் வகுப்புக் கணக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. புதன், வெள்ளி மாலைகளில் பையன் என்னிடம் கணக்குப் படிக்க வேண்டும். ஞாயிறு காலையில் பூட்ஸ் அவன் கைக்கு வர வேண்டும். இதுவே எங்கள் ஒப்பந்தம்.

அக்கா சற்று யோசித்தார். பிறகு முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்து, "மார்க் குறைந்தால் மறுபடியும் பூட்டுவேன், தம்பி!" என்றார்.

அதுவும் நியாயந்தானே?